போர்வைக்குள் கிடக்கும் கணினிகள்

மலையகத்துப் பாடசாலை ஒன்றின் கணினி அறைக்குள் நுழைந்து, துணி போர்த்திக் கிடக்கும் இயந்திரத்தைக் காட்டி "இதற்கு என்னவாயிற்று?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: "அது பழுது, சேர்." எப்போது பழுதானது, யார் பார்த்துச் சொன்னார்கள், எந்தப் பாகம் பழுது என்று மேலும் கேட்டால் விடை மெலிந்துகொண்டே போகும். ஒரு நாள் ஆளியை அழுத்தினார்கள், விளக்கு எரியவில்லை, அன்றே போர்வை விழுந்துவிட்டது. மனிதர் இறந்தால் மரணச் சான்றிதழ் கேட்கும் நாட்டில், ஒரு கணினி இறந்தது என்பதற்கு எந்தச் சான்றையும் எவரும் கேட்பதில்லை.

அவற்றுட் பல இறக்கவேயில்லை என்பதே நான் இங்கு சொல்ல வருவது. மின்சாரம் சென்று சேராமல் அவை கிடக்கின்றன. அவற்றை எழுப்பப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது என்ற ஒழுங்கு, பெட்டியைத் திறந்து பார்க்கும் உரிமை, கைச்செலவுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிய மூன்றும் போதும். தோட்டப் பாடசாலைகளுக்குக் கணினிகளைக் கொடுத்தவர்கள் இந்த மூன்றையும் கொடுக்க மறந்துபோனார்கள்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்லை வழியாக மலையேறி வரும் ஏ-4 நெடுஞ்சாலை, பெரகலச் சந்தியில் கொஸ்லந்தை, வெல்லவாய நோக்கி இறங்கத் தொடங்குகிறது. அப்புத்தளை, பண்டாரவளை போகும் வீதி அங்கிருந்து மேலேறுகிறது. சரிவுகளில் தேயிலை, தேயிலைக்கு நடுவே லயன்கள், லயன்களுக்கு அருகே பாடசாலைகள். பிற்பகலானால் பள்ளத்தாக்கிலிருந்து எழும் மூடுபனி அனுமதி கேளாமல் வகுப்பறைக்குள் வந்து உட்காரும். பயணிக்கு அது அழகு. கணினிக்கு அது ஈரம்.

ஊவாவுக்கு மின்சாரம் புதியதன்று. உமா ஓயாவின் நீரை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கொண்டுசென்று, கரந்தகொல்லையில் நிலத்தடியில் 120 மெகாவாட் மின்சாரம் ஆக்கும் நிலையம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. எனினும் தோட்டத்தின் கடைசிக் கம்பம் வரை நீண்டு செல்லும் கம்பிகளில், லயன்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேத்தலும் சோற்றுச் சட்டியும் போடும்போது, 230 வோல்ட் என்பது ஏட்டிலுள்ள எண்ணாகிவிடுகிறது. மின்குமிழ் மங்கி எரியும் அந்த வேளையில் கணினி எழ மறுத்தால் குற்றம் கணினியினுடையதன்று.

மின்வெட்டின் கதை தனி. 2022 மார்ச் இறுதியில் நாள் ஒன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நாடு இருளில் கிடந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லப்பட்ட சம்பவத்தால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. மின்சாரம் நிற்பதைவிட அது திரும்பி வரும் விதமே கணினிக்குப் பெரிய கேடு. ஏறி இறங்கித் தடுமாறி வரும் அந்த முதல் சில விநாடிகளில்தான் பல இயந்திரங்கள் அடிபடுகின்றன. மின்சாரம் போனதும் சுவராளியை அணைத்துவிட்டு, திரும்பி வந்தபின் சில நிமிடங்கள் பொறுத்துப் போடும் பழக்கம் ஒரு சதமும் செலவில்லாத காப்புறுதி.

இவற்றுக்கு மேல் இடி மின்னல். பருவமழைகளுக்கு இடைப்பட்ட மார்ச்–ஏப்ரல், ஒக்டோபர்–நவம்பர் மாதப் பிற்பகல்களில் மலைச்சரிவுகளில் இறங்கும் மின்னலை அறியாதவர் இங்கு இல்லை. அந்நாட்களில் மின்செருகியைப் பிடுங்கிவிடும் ஆசிரியர்கள் இணையத்துக்கு வரும் கம்பியைப் பிடுங்க மறந்துவிடுகிறார்கள். மின்னல் எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அந்தக் கதவால் வரும்.

அண்மையில் பெரகலைக்கு அண்மையில் உள்ள ஒரு பாடசாலைக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம், அங்குள்ள நிலை அந்தப் பாடசாலைக்கு மட்டும் உரியதன்று. பண்டாரவளையில் கணினி திருத்தும் இளைஞர் ஒருவர் உடன் வந்தார். அவரும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். அறையில் ஐந்து கணினிகள் 'பழுது' என்ற பட்டியலில் இருந்தன.

அந்த இளைஞர் பெட்டிகளைத் தொடவே இல்லை. முதலில் சுவருக்குப் போனார். கணினியின் செருகியை எடுத்துவிட்டு, அதே குதையில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பார்த்தார். ஓர் இடத்தில் விளக்கும் எரியவில்லை. பழைய கட்டடங்களில் இன்னமும் உருண்டை முள் கொண்ட குதைகள் இருக்கின்றன. புதிய கணினிகளின் வடமோ சதுர முள் கொண்டது. இடையில் ஒரு மலிவான மாற்றுச்செருகி நின்று இரண்டையும் பிணைக்கிறது. ஆண்டுக்கணக்கில் சூடேறி உள்ளே கருகிப்போயிருந்த அந்தச் சிறு பொருளை மாற்றியதும் முதலாவது கணினி எழுந்து நின்றது.

அடுத்த இரண்டும் யூபிஎஸ் எனப்படும் மின்காப்புப் பெட்டி ஒன்றிலிருந்து மின்சாரம் பெற்றுக்கொண்டிருந்தன. அதற்குள் இருக்கும் ஈய அமில மின்கலத்தின் ஆயுள் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். அது செத்துவிட்டால், சுவரில் மின்சாரம் இருந்தாலும் சில வகைப் பெட்டிகள் இயங்க மறுத்துவிடும். கணினியைக் காக்க வந்த காவற்காரன், தான் மயங்கி விழுந்ததோடு வாசலையும் அடைத்துக்கொண்ட கதை. இரண்டு கணினிகளையும் நேரே சுவரில் செருகினார், இரண்டும் எழுந்தன. புதிய மின்கலம் வரும் வரை மின்வெட்டைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும், அவ்வளவே.

நான்காவது கணினியில் விசிறி சுழன்றது, திரை இருண்டே கிடந்தது. அவர் வடத்தைப் பிடுங்கி, முன்னாலுள்ள ஆளியை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்னேற்றத்தை வடியவிட்டார். பிறகு, பார்த்துக்கொண்டு நின்ற பத்தாம் தர மாணவிகள் இருவரையும் அழைத்து, பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டு ராம் எனப்படும் நினைவகத் தகட்டைக் கழற்றச் சொன்னார். அதன் பொன்னிற முனைகளில் ஒரு மங்கல் படிந்திருந்தது. மூடுபனியின் கைவேலை. பென்சில் எழுத்தை அழிக்கும் றப்பரால் மெதுவாகத் தேய்த்து, இருபுறமும் 'டக்' என்று பூட்டும் வரை அழுத்திப் பொருத்தினார்கள். திரையில் எழுத்துகள் தோன்றின. அந்தப் பிள்ளைகளின் முகத்தில் தோன்றியதை நான் எழுதப் போவதில்லை. ஆசிரியராக இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஐந்தாவது உண்மையிலேயே இறந்திருந்தது. அதையும் அவர் சோதித்துத்தான் சொன்னார். இன்டெல் நிறுவனம் 1995இல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்பிலிருந்து, கணினியின் முன்புற ஆளி மின்சாரத்தை நேரடியாகத் திறப்பதில்லை. பின்னாலுள்ள மின்வழங்கி, செருகியைச் செருகிய கணமே 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைத் தாய்ப்பலகைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ஆளியை அழுத்தினால் தாய்ப்பலகை ஒரு பச்சைக் கம்பியின் வழியே 'எழு' என்று ஆணையிடும். அதன்பின்பே மற்ற மின்சாரமெல்லாம் பாயும். ஆகவே மின்வழங்கியைத் தாய்ப்பலகையிலிருந்து கழற்றி, மின்சாரம் இல்லாத வேளையில் அந்தப் பச்சைக் கம்பியின் துளையையும் கறுப்புக் கம்பியின் துளையையும் ஒரு கடதாசிக் கவ்வியால் இணைத்து, பிறகு மின்சாரத்தைப் போட்டுப் பார்த்தால், நோய் மின்வழங்கியிலா தாய்ப்பலகையிலா என்று தெரிந்துவிடும். சில நிறுவனங்களின் கணினிகளில் இணைப்பு வேறு மாதிரி இருக்கும் என்பதால் இதைத் தெரிந்தவர் முன்னிலையில் செய்வதே முறை. இங்கே விசிறி சுழன்றது. மின்வழங்கி நலம். தாய்ப்பலகையில் இணையக் கம்பி நுழையும் மூலையில் கரிக்கோடு. மின்னல் இணையக் கம்பியின் வழியாக வந்திருந்தது. அந்தக் கணினியின் மின்வழங்கியும் நினைவகமும் வன்தட்டும் ஒரு பெட்டியில் போடப்பட்டன, மற்ற நான்குக்கும் உதிரிப்பாகங்களாக.

இத்தனைக்கும் ஆன நேரம் ஒரு காலைப்பொழுது. செலவு ஒரு மாற்றுச்செருகி. அந்தக் கணினிகள் போர்வைக்குள் கிடந்த காலமோ இரண்டு ஆண்டுகளுக்கு மேல். ஒரு பிள்ளை பத்தாம் தரத்தில் சேர்ந்து, சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வெளியேறப் போதுமான காலம் அது.

இதில் எது பிழைத்தது என்று யோசிக்கிறேன். அதிபரும் ஆசிரியர்களும் சோம்பேறிகளா? அல்லர். அரசாங்கச் சொத்து என்ற சொல் அவர்களின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. பொருட் பதிவேட்டில் ஐந்து என்று எழுதியிருந்தால் கணக்கெடுக்க வரும் நாளில் ஐந்து பெட்டிகள் நிற்க வேண்டும். அவை இயங்குகின்றனவா என்பது இரண்டாவது கேள்வி. பெட்டியின் ஓரத்தில் 'திறந்தால் உத்தரவாதம் செல்லாது' என்று ஒரு சிறு முத்திரை ஒட்டியிருக்கும். உத்தரவாதக் காலம் முடிந்து ஆண்டுகள் பல ஆனபின்பும் அந்த முத்திரையின் அதிகாரம் முடிவதில்லை. திறந்து பார்த்துப் பழுதானால் திறந்தவர் பொறுப்பு. திறவாமல் துருப்பிடித்தால் எவரும் பொறுப்பில்லை. இப்படி ஒரு விதி எழுதப்படாமலே ஆளும் இடத்தில், போர்வையை விரித்துவிட்டு நகர்வதுதான் புத்திசாலித்தனம் என்று ஒருவர் முடிவெடுத்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதியைத்தான் குறை சொல்ல வேண்டும்.

பிள்ளைகளை மின்சாரத்தோடு விளையாட விடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தொடக்கூடியதும் தொடக்கூடாததும் எவை என்று கற்பிப்பதே அதற்கு விடை. மின்வழங்கியின் தகரப் பெட்டியை மட்டும் எவரும் திறக்கக்கூடாது. வடத்தைப் பிடுங்கிய பின்னும் அதற்குள் இருக்கும் கொள்ளளவிகள் உயிரைக் குடிக்கும் அளவு மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். மற்றப் பாகங்கள் எல்லாம், வடம் பிடுங்கப்பட்ட நிலையில், 12 வோல்ட்டுக்கு மேற்பட்ட எதையும் அறியாதவை. சுவரின் வயரிங்கையும் புவித்தொடுப்பையும் மின்பணியாளர் பார்க்கட்டும். கணினிப் பெட்டியின் உட்புறத்தை, பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில், பிள்ளைகள் பார்க்கட்டும். கலைப் பட்டதாரியான நானே ஒரு காலைப்பொழுதில் விளங்கிக்கொண்டதை, விஞ்ஞானம் படிக்கும் பத்தாம் தரப் பிள்ளை விளங்கிக்கொள்ள மாட்டாள் என்று எப்படிச் சொல்வது?

கைத்தொலைபேசி வந்துவிட்ட காலத்தில் மேசைக் கணினி எதற்கு என்பது இன்னொரு கேள்வி. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபின் எங்கள் பிள்ளைகள் கைத்தொலைபேசியில்தான் படித்தார்கள். வீட்டுக்கு ஒன்று, அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். அலைவரிசை தேடி மலையுச்சிக்கும் மரத்துக்கும் ஏறிய கதைகளைப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. கைத்தொலைபேசியில் பார்க்கலாம், கேட்கலாம்; ஒரு கட்டுரையைத் தட்டச்சு செய்யவோ, விரிதாளில் கணக்குப் போடவோ, நிரல் எழுதிப் பழகவோ அது போதாது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் கணினி அறிவு பற்றி எடுத்துவரும் அளவீடுகளில் நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்று பிரிவுகளில் தோட்டமே எப்போதும் கடைசியில் நிற்கிறது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்குப் பாடசாலைக் கணினி ஒன்றுதான் கணினி. அதன் மேல் விழும் போர்வை அந்தப் பிள்ளையின் மேல் விழுகிறது.

அத்தோடு, மேசைக் கணினியைப் போல் ஏழைக்கு ஏற்ற இயந்திரம் வேறில்லை. மடிக்கணினியோ தட்டைக் கணினியோ பழுதானால் பெரும்பாலும் முழுதாகப் போய்விடும். மேசைக் கணினியில் கை போனால் கையை மாற்றலாம், கால் போனால் காலை மாற்றலாம். இரண்டு செத்த கணினிகளிலிருந்து ஓர் உயிருள்ள கணினியைப் பிறப்பிக்கலாம்.

இனி, இதைக் கடல் கடந்து வாசித்துக்கொண்டிருக்கும் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. ஊர்ப் பாடசாலைக்குக் கணினி அனுப்புவது நம்மவரிடையே நல்ல வழக்கமாக வேரூன்றிவிட்டது. 'வின்டோஸ் 10' இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. அதனால் நல்ல நிலையிலுள்ள ஏராளமான கணினிகளை அலுவலகங்கள் கழித்துக் கட்டுகின்றன. லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை ஏற்றினால் அவை இன்னும் பல்லாண்டு உழைக்கும். அனுப்புங்கள். ஆனால் அனுப்புமுன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். அங்கிருந்து வரும் பழைய கணினிகள் சிலவற்றின் மின்வழங்கியில் 115, 230 என்று எண்ணிட்ட ஒரு சிறு சிவப்பு ஆளி இருக்கும். அது 115இல் நிற்கும்போது நம் நாட்டுச் சுவரில் செருகினால் ஒரு வெடிச்சத்தம், ஒரு கருகல் நாற்றம், அத்தோடு உங்கள் அன்பளிப்பு முடிந்தது. விரல் நுனியால் ஓர் அசைவு. கடல் கடந்து வந்த ஒரு பெட்டியின் ஆயுள் அதில் இருக்கிறது.

இன்னொன்று. பத்துக் கணினிகளுக்குப் பணம் சேர்த்தால் எட்டை வாங்குங்கள். மீதிப் பணத்தில் அந்த அறைக்கு ஒழுங்கான வயரிங், புவித்தொடுப்பு, மின்னழுத்தம் ஏறி இறங்குவதைத் தாங்கும் பாதுகாப்புப் பலகை, இரண்டு உதிரி மின்வழங்கிகள், தாய்ப்பலகையில் நாணயம் போல் கிடக்கும் சிஆர்2032 மின்கலங்கள் ஒரு பட்டை, ஒரு மல்டிமீற்றர், ஒரு திருப்புளி ஆகியவற்றை வாங்குங்கள். திறப்பு விழாப் படத்தில் இவை தெரியமாட்டா. மூன்றாம் ஆண்டில் தெரியும்.

அரசாங்கத்துக்கும் இதே பாடம்தான். 2005இல் 'நெனசல' என்றும் தமிழில் 'அறிவகம்' என்றும் பெயரிட்டுக் கோயில்களிலும் விகாரைகளிலும் நூலகங்களிலும் கணினி நிலையங்களைத் திறக்கத் தொடங்கினார்கள். நல்ல திட்டம். 2014இல் பில் - மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையின் பத்து இலட்சம் டொலர் விருதும் அதற்குக் கிடைத்தது. ஆனால் நிலையத்தைத் திறப்பது ஒரு நாள் வேலை. திறந்தே வைத்திருப்பது ஒவ்வொரு நாள் வேலை. முதலாவதற்கு நாடாவும் கத்தரிக்கோலும் ஒதுக்குகிறோம். இரண்டாவதற்கு எதையும் ஒதுக்குவதில்லை.

நான் கேட்பது பெரிதன்று. உத்தரவாதம் முடிந்த கணினியைப் பாடசாலையே திறந்து பார்க்கலாம் என்று தெளிவான ஒரு சுற்றறிக்கை, தமிழிலும் சிங்களத்திலும். கணினி அறை உள்ள ஒவ்வொரு பாடசாலைக்கும் பராமரிப்புக்கென்றே, வேறெதற்கும் எடுக்க முடியாத ஒரு சிறு தொகை. சுவரில் தொடங்கிச் செருகி, வடம், காப்புப் பெட்டி, பின்புற ஆளி, மின்வழங்கி, நினைவகம், தாய்ப்பலகை என்று படிப்படியாகச் சோதிக்கும் ஒழுங்கைப் படத்தோடு சொல்லும் ஒரு தாள், அறைச் சுவரில் ஒட்டுவதற்கு. பொருட் பதிவேட்டில் ஒரு புதிய நிரல்: 'இயங்குகிறதா? இல்லையெனில், யார் பார்த்தார், என்ன கண்டார்?' அந்த நிரலை நிரப்ப வேண்டிய கட்டாயம் வந்துவிட்டாலே பாதிப் போர்வைகள் விலகிவிடும் என்று நான் நம்புகிறேன்.

தேயிலைச் செடி வாடினால் அதைக் கவ்வாத்து வெட்டி மறுபடி துளிர்க்க வைக்கத் தெரிந்த மக்கள் இவர்கள். தொழிற்சாலையின் பழைய உருளைகளை ஒட்டுப்போட்டு ஓடவைத்த கைகள் இவர்களுடையவை. அந்தக் கைகளுக்குப் பிறந்த பிள்ளைகளிடம் ஒரு கணினியைக் கொடுத்துவிட்டு, 'தொடாதே' என்று எழுதி வைத்திருக்கிறோம். முதலில் அந்த எழுத்தை அழிப்போம். அதற்கும் ஒரு றப்பர் போதும்.